ஸ்ரீநிவாஸ ராமானுஜனும் ஒரு பெரிய எண்ணும்

ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் 22-ந் தேதி வந்ததும் நமது நாடெங்கும் ஸ்ரீநிவாஸ ராமானுஜனின் பெயர் முழங்குகிறது. அவர் பிறந்த 125-வது ஆண்டை முன்னிட்டு 2012-ம் வருஷத்தை இந்திய சர்க்கார் தேசிய கணித ஆண்டாக அறிவித்து, அவர் பிறந்த தினத்தையும் தேசிய கணித தினமாக ஏற்படுத்தினர். கலாசாலைகளில் அவரது படத்துக்கு மாலை சூட்டுகிறார்கள். மேடைகளில் அவரது புகழை விரித்துரைக்கிறார்கள். இவை யாவும் உவகைக்குரியனவே. ஆயினும் இவ்விழாக்களில் பேசப்படுவனவற்றைச் செவிமடுக்குங்கால் நமக்கு ஒரு மனக்குறை உண்டாகாமற் போவதில்லை. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவிலே தோன்றிச் சூத்திரங்களை அருளினாள் என்பார்கள். பயிலாமலே அறிந்த தெய்வப் பிறவி என்பார்கள். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். அம்மனிதர் செய்த வேலை யாது, அதை எவ்வாறு உழைத்துச் செய்தார் என்று எடுத்துரைப்பார் மிக அரியர்.

ராமானுஜன் குலதெய்வத்தினிடம் ஆழ்ந்த பக்தி பூண்டிருந்தார் என்பது மெய். அந்தப் பக்தியை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒருவரை அற்புதம் என்று சொல்லிக் கைகூப்பிவிட்டால், நம்மைச் சார்ந்த இரண்டு கடமைகள் நம்மை விட்டு எளிதில் நீங்கிவிடுகின்றன. அவருடைய நூல்களைக் கற்க வேண்டும் என்ற கடமை ஒன்று. அவரைப் போன்ற பிள்ளைகளை நமது ஊர்களில் தேடிக் காப்பாற்ற வேண்டும் என்ற கடமை மற்றொன்று. அற்புதத்தை யார் கற்க முடியும்? அற்புதத்தை யார் வளர்க்க முடியும்? ஆகவே இன்று நாம் அவரை ஓர் உழைப்பாளியாக நமது வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறோம். அதற்குச் சாட்சியாக அவர் கையாலேயே எழுதி வைத்த ஓர் எண்ணைக் கொண்டு வருகிறோம். அந்த எண் 67,46,32,83,88,800. அதாவது 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800.

இவ்வெண்ணிடம் போய்ச் சேருமுன் அவர் வந்த வழியைச் சிறிது நோக்குவோம்.

ராமானுஜன் 1887-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் தாயின் பிறந்தகத்தில் தோன்றினார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தகப்பனார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுபவர். வறுமை அவ்வில்லத்துக்குப் புதிதன்று. 1897-ல் ஆரம்பப் பரீக்ஷையில் ஜில்லாவிலேயே முதல்வராகத் தேறி, கும்பகோணம் டவுன் உயர்தரப் பாடசாலையில் சேர்ந்தார். 1903-ல் கார் என்ற ஆங்கில ஆசிரியர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் பெரும்பாலும் நிரூபணமின்றி வரிசையாக அடுக்கப்பட்ட புத்தகம் அது. வேறொரு மாணாக்கன் அதைப் புரட்டிப் பார்த்து மூடியிருப்பான். ராமானுஜனோ ஒவ்வொரு சூத்திரத்தையும் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கினார். காகிதம் விலை மிகுந்தது; ஆகையால் பலகையிலே கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் பதிந்துகொண்டார். நிரூபணங்கள் அந்நோட்டுகளில் இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம். அவை கனவில் வந்தவை என்று எண்ணுவோர் அப்பலகையை மறந்துவிடலாகாது.

1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் சர்க்கார் கலாசாலையில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறு எதிலும் அவர் மனம் செல்லவில்லை. இங்கிலீஷில் தவறியதால் உபகாரச் சம்பளம் போயிற்று. பையன் மனமுடைந்து வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டணத்துக்கு ஓடிப்போனான். மறுபடியும் சென்னை பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்து, எப். ஏ. பரீக்ஷையில் மீண்டும் மீண்டும் தோல்வியுற்றார். கணிதத்திலே ஆசிரியர்கள் வியக்கும் விடைகள். உடற்கூறு முதலிய பாடங்களிலே தோல்வி. பரீக்ஷைச் சட்டத்துக்கு ஒரே ஒரு கண்தான் உண்டு. எல்லாப் பாடங்களிலும் சுமாரானவனை அது காணும், ஒரு பாடத்தில் உலகை வெல்லக்கூடியவனை அது காணாது. அக்காலத்துக் கல்வி முறை சர்க்கார் காரியாலயங்களுக்குக் குமாஸ்தாக்களை வார்த்தெடுக்கவே அமைந்தது என்று தேசபக்தர்கள் கூறிவந்த குற்றச்சாட்டுக்கு ராமானுஜனின் வாழ்க்கையைவிடத் தெளிவான உதாரணம் வேறு வேண்டுவதில்லை. அன்னிய ஆட்சி 1947-ல் அகன்றது. அந்தக் கண் திறந்துவிட்டதா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ப் பள்ளியைப் பார்த்துத் தாமே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

1909-ல் ஜானகி என்ற சிறுமியை அவருக்கு மணம் முடித்து வைத்தார்கள். இல்லறப் பொறுப்பு வந்தது, வேலையோ இல்லை. நோட்டுப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் ஊர் ஊராக அலைந்தார். அந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தோர் நம்மவர் சிலர் உண்டு என்பதை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். இந்தியக் கணித சங்கத்தை நிறுவியவரும் டிப்டி கலெக்டராக இருந்தவருமான வி. ராமஸ்வாமி ஐயர் 1910-ல் திருக்கோவிலூரில் அவருடைய நோட்டுகளைக் கண்டு, ஒரு சிறு உத்தியோகத்தில் அமர்த்தி அவரது அறிவை அடக்கிவிட மனமின்றிச் சென்னை நண்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டராயிருந்த ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் ரூ. 25 தம் கையிலிருந்து கொடுத்து ஆதரித்தார். 1911-ல் அச்சங்கத்தின் சஞ்சிகையில் ராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது. 1912-ம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ந் தேதி சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் ரூ. 30 சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த எஸ். நாராயண ஐயர் தாமே கணிதம் கற்றவர். இரவு நேரங்களில் ராமானுஜனுடன் அமர்ந்து பலகையில் கணக்கிட்டு, அவரது பெருமையை மற்றவர்க்கு எடுத்துச் சொன்னவர்.

1913-ம் வருஷம் ஜனவரி மாதம் 16-ந் தேதி ராமானுஜன் கேம்பிரிட்ஜில் டிரினிடி கலாசாலை ஆசிரியராகிய ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகறிந்தது. அதற்கு முன் வேறு இரு ஆங்கிலப் பேராசிரியர்களுக்கு எழுதிப் பயன் பெறவில்லை. ஹார்டி அக்கடிதத்தைத் தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் ஒரு மாலை முழுதும் ஆராய்ந்து, எழுதியவர் முதல்தரமான கணித அறிஞர் என்று கண்டுகொண்டார். சென்னை சர்வகலாசாலை மாதம் ரூ. 75 உபகாரச் சம்பளம் அளித்தது. 1914-ம் வருஷம் மார்ச்சு மாதம் 17-ந் தேதி நெவாசா என்ற கப்பலில் ஏறி, ஏப்ரல் மாதம் லண்டன் சேர்ந்தார். நான்கு மாதத்தில் ஐரோப்பாவில் மகா யுத்தம் மூண்டது. லிட்டில்வுட் யுத்த வேலைக்குப் போனார், கலாசாலை வெறிச்சோடியது. குளிரிலும் தனிமையிலும், மரக்கறி உணவைத் தாமே சமைத்துக்கொண்டு, ராமானுஜன் தம் வேலையைச் செய்தார். அவ்வேலையிற் பிறந்ததே நாம் சாட்சியாக அழைத்த எண்.

எண்களுக்குள்ளே பகா எண்கள் என்று ஓர் இனம் உண்டு. 2, 3, 5, 7, 11, 13 போன்றவை. இவற்றை ஒன்றாலும் தம்மாலுமன்றி வேறு எதனாலும் மீதியின்றி வகுக்க முடியாது. கிரேக்கர் காலம் முதல் கணித அறிஞர்கள் இவற்றையே துருவித் துருவி ஆராய்ந்து வந்தார்கள். ராமானுஜன் இதற்கு நேர் எதிர்த் திசையை நோக்கினார். வகுக்கப்படுவதிலே மிகச் சிறந்து விளங்கும் எண்கள் எவை என்று கேட்டார்.

கடைத்தெருவில் நின்று பார்த்தால் இக்கேள்வியின் பொருள் விளங்கும். பத்து மாம்பழங்களை இருவருக்கோ ஐவருக்கோ சமமாகப் பங்கிடலாம். மூவருக்கும் நால்வருக்கும் பங்கிட இயலாது. பன்னிரண்டு பழங்களானால் இருவருக்கும், மூவருக்கும், நால்வருக்கும், அறுவருக்கும் பங்கு சரியாக வரும். பன்னிரண்டை மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. பன்னிரண்டுக்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் ஆறு வகு எண்கள் கிடையா. இவ்வாறு, தனக்குக் கீழ்ப்பட்ட எல்லா எண்களையும்விட அதிகமான வகு எண்களைக் கொண்ட எண்ணை உயர் பகு எண் என்று சொல்லலாம். 12-க்குப் பின் 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அவ்வரிசை ஏறும். அறுபதுக்குப் பன்னிரண்டு வகு எண்கள். நமது முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகவும், வருஷச் சக்கரத்தை அறுபது ஆண்டுகளாகவும் வகுத்திருப்பதை வாசகர்கள் அறிவார்கள். கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ தமது இலக்ஷிய நகரத்துக்கு 5,040 குடும்பங்கள் என்று விதித்தார். ஒன்று முதல் பத்து வரை எதனாலும் அது மீதியின்றி வகுபடும் என்பதே அவர் கண்ட சிறப்பு. 5,040-ம் உயர் பகு எண்ணே. அதற்கு அறுபது வகு எண்கள் உண்டு.

ஆனால் இத்தகைய எண்கள் எவ்வாறு அமைகின்றன என்று முறையாக ஆராய்ந்து, அவற்றை ஒரு தனி வகுப்பாக நிறுவியவர் ராமானுஜனே. எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாகப் பிரித்தெழுதலாம். நமது பெரிய எண்ணைப் பிரித்தால் அதில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5 இரண்டு முறையும், 7 இரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வருகின்றன. வகு எண்கள் எத்தனை என்பதை அறிய ஒவ்வொரு தடவைக் கணக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 7, 5, 3, 3, பிறகு ஐந்து 2-கள். பெருக்கினால் 10,080. அதாவது இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் பத்தாயிரத்து எண்பது. இதற்குக் கீழ்ப்பட்ட அறுபத்தேழு லட்சம் கோடி... அல்ல, ஆறே முக்கால் லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைந்த எண்ணிக்கையுள்ள அத்தனை எண்களிலும் இவ்வளவு வகு எண்கள் உடையது ஒன்றுமில்லை.

மேற்கண்ட தடவைக் கணக்குகளை வாசகர்கள் மறுபடியும் நோக்கட்டும்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. இவை ஏறுவதில்லை, சமமாக நிற்கும் அல்லது இறங்கும். நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடுவதில்லை. கடைசிப் பகா எண் ஒரு முறை மட்டுமே வருகிறது. உயர் பகு எண்கள் யாவற்றுக்கும் இதுவே விதி என்றும், கடைசி விதிக்கு 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே விலக்கு என்றும் ராமானுஜன் நிரூபித்தார். கனவிற் கண்டதாக எழுதவில்லை. படிப்படியாக நிறுவிக் காட்டினார்.

அவ்வளவில் அவர் நிற்கவில்லை. உயர் பகு எண்களுக்குள்ளேயே இன்னும் மேம்பட்ட ஒரு வகுப்பை வகுத்தார். ஓர் எண்ணின் வகு எண்கள் எத்தனை என்பதை அவ்வெண்ணின் அளவோடு ஒரு குறித்த தராசில் நிறுத்துப் பார்க்கும்போது, சிறிய எண்கள் மட்டுமன்றிப் பெரிய எண்களுள்ளும் தன்னை மிஞ்சுவது இல்லாதவையே இம்மேம்பட்ட வகுப்பைச் சேர்ந்தவை. 12, 60, 120, 360, 2,520, 5,040 ஆகியவை இவ்வகுப்பின. நமது பெரிய எண் இவ்வகுப்பில் இடம் பெறவில்லை. ஆனால் அதை மூன்றால் வகுத்தால் வரும் 22,48,77,61,29,600 இடம் பெற்றுள்ளது.

இவ்வாராய்ச்சி 1915-ல் லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் 63 பக்கங்களில் பிரசுரமாயிற்று. அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. 102 உயர் பகு எண்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பகா எண் பிரிவையும், வகு எண்களின் தொகையையும், மேம்பட்ட வகுப்பினவற்றுக்குத் தனி அடையாளத்தையும் அதில் அவர் குறித்திருக்கிறார். அவ்வட்டவணையின் கடைசி எண்ணே நாம் மேலே கூறிய 67,46,32,83,88,800. அந்நாளில் கணக்கிடும் மின் யந்திரங்கள் இல்லை. ஓர் எண்ணைப் பட்டியலில் சேர்க்குமுன் அதற்குக் கீழே அதை வெல்லும் எண் ஒன்றுமில்லை என்று தேர்ந்து தெளிய வேண்டும். எழுதுகோலும் காகிதமும் பொறுமையுமே அவருக்குக் கருவிகள். தெய்வ அருள் என்று நாம் சொல்லிக் கடந்துவிடும் இடத்திலே அடித்தும் திருத்தியும் எழுதிய ஓர் இளைஞனின் இரவுகள் இருக்கின்றன.

இதை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. அவ்வட்டவணையிலேயே அதற்குத் தடயம் உண்டு. அதில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. 2,93,31,86,25,600 என்ற எண்ணும் உயர் பகு எண்ணே. அதற்கு 5,040 வகு எண்கள் உண்டு. ராமானுஜன் அதைத் தவற விட்டுவிட்டார். இதைவிட வியப்பு யாதெனில், விடுபட்ட அவ்வெண்ணை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் கடைசி எண்ணேயாகும். விரும்புவோர் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கடைசி எண்ணைச் சரியாக எழுதிய கை, அதனுள்ளேயே அடங்கியிருந்த இன்னொன்றை எழுதாமற் போயிற்று. தெய்வம் சொல்லி எழுதியிருந்தால் ஒன்று விடுபட்டிருக்குமா? நூற்றிரண்டு சரியும் ஒரு விடுபாடும் மனித உழைப்பின் அடையாளம். இதைச் சொல்வதால் அவருடைய பெருமை குறையாது. நம்மைப் போன்ற மனிதர் ஒருவர் இவ்வளவு செய்தார் என்று அறிவதால் அது வளரவே செய்யும்.

டிரினிடியில் நிகழ்ந்த கௌரவங்களை யாவரும் அறிவர். எப். ஏ. பரீக்ஷையைத் தாண்ட முடியாதவருக்கு, இந்த உயர் பகு எண்களின் ஆராய்ச்சிக்காகவே 1916-ம் வருஷம் மார்ச்சு மாதம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை பி. ஏ. பட்டம் அளித்தது. 1918-ல் லண்டன் ராயல் சங்கம் தனது அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. அதே வருஷம் அக்டோபரில் டிரினிடி கலாசாலையின் பெல்லோவாக அமர்ந்த முதல் இந்தியரானார். ஆனால் 1917 முதலே நோய் அவரைப் பற்றிக்கொண்டது. வைத்தியசாலை வைத்தியசாலையாக மாறினார். பட்னி என்ற இடத்தில் படுத்திருந்தபோது ஹார்டி அவரைக் காண 1729 என்ற எண்ணுள்ள வாடகை மோட்டாரில் வந்ததும், அது சிறப்பற்ற எண் என்று ஹார்டி கூற, இரண்டு கன எண்களின் கூட்டாக இரு விதத்தில் எழுதக்கூடிய எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று ராமானுஜன் உடனே விடை தந்ததும் பிரசித்தமான வரலாறு. 1-ன் கனமும் 12-ன் கனமும் கூடினால் 1729. 9-ன் கனமும் 10-ன் கனமும் கூடினாலும் 1729. இதையும் நொடியில் உதித்த அற்புதமாகவே சொல்லி வருகிறார்கள். ஆனால் இத்தகைய கன எண்களின் உறவுகளை அவர் வெகுவாக ஆராய்ந்து வந்தவர் என்பதற்கு அவர் விட்டுச் சென்ற காகிதங்கள் சான்று பகர்கின்றன. விடை நொடியில் வந்தது. அதற்குப் பின்னால் இருந்த பழக்கம் பல ஆண்டுகளுடையது.

1915-ல் பிரசுரமான கட்டுரைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. யுத்த காலத்தில் லண்டன் கணித சங்கத்துக்குப் பண முடை. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக ராமானுஜன் தாம் எழுதியதில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தார். அப்பகுதி பல்லாண்டுகள் டிரினிடி நூல் நிலையத்தில் உறங்கிக் கிடந்து, 1997-ல்தான் நிக்கோலா, ரோபன் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்களால் உரிய குறிப்புக்களுடன் கணித சஞ்சிகையில் வெளியாயிற்று. அதில் இருந்தது அற்ப விஷயமன்று. ரீமான் என்ற ஜெர்மானிய அறிஞர் 1859-ல் வெளியிட்ட ஓர் ஊகம் கணிதத்தின் பெரும் புதிர்களில் ஒன்று. இன்றளவும் அது நிரூபிக்கப்படவில்லை. அவ்வூகம் மெய்யானால், மிகப் பெரிய எண்களின் வகு எண்களைக் கூட்டிய தொகை ஒரு குறித்த வரம்பைத் தாண்டாது என்பதை ராமானுஜன் அந்நாளிலேயே அடைந்திருந்தார். 1984-ல் அதே ரோபன், 5,040-க்கு மேற்பட்ட எல்லா எண்களும் அவ்வரம்புக்கு உட்பட்டு நின்றால் ரீமான் ஊகம் மெய், ஒன்றேனும் மீறினால் பொய் என்று நிறுவினார். பிளேட்டோ நகரத்துக்குத் தேர்ந்த 5,040 இங்கே கணிதத்தின் மிகக் கடினமான புதிருக்கு எல்லைக் கல்லாக நிற்கிறது. உயர் பகு எண்கள் கணிதப் பெருவழியிலிருந்து ஒதுங்கிய சந்து என்று ஒரு காலத்தில் எண்ணியோர் உண்டு. அச்சந்து பெருவழியிலேயே போய்ச் சேர்ந்தது.

1919-ம் வருஷம் மார்ச்சு மாதம் ராமானுஜன் பம்பாயில் கரையிறங்கினார். உடல் எலும்பும் தோலுமாக இருந்தது. கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் சென்னையிலும் வைத்தியம் நடந்தது. படுக்கையில் இருந்தபடியே ஓராண்டு வேலை செய்தார். 1920-ம் வருஷம் ஜனவரியில் ஹார்டிக்குப் புதிய கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றி எழுதினார். ஏப்ரல் மாதம் 26-ந் தேதி, சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டில் அவர் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கடல் கடந்து போய், 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க அறிஞர் கண்டெடுக்கும் வரையில் வெளிவராமல் கிடந்தன. அவருடைய நோட்டுப் புத்தகங்களின் சூத்திரங்களை ஒன்றொன்றாக நிரூபித்து, 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டவர் பெர்ன்ட் என்ற இன்னோர் அமெரிக்கர். மாலை சூட்டுவதில் நாம் முந்தினோம். படிப்பதில் பிறர் முந்தினார்கள். இதைக் கூற நமக்கு மகிழ்ச்சியில்லை, கூறாதிருத்தல் நேர்மையுமன்று.

அவரது அகால மரணத்தையே பலரும் பெருந் துயரமாகப் பேசுவர். நாம் வேறொன்றைப் பெரிய துயரமாகக் கருதுகிறோம். பதினெட்டாம் வயதிலிருந்து இருபத்தைந்தாம் வயது வரையில், ஒரு மனிதனின் கணித வன்மை கொழுந்துவிட்டு எரியும் காலத்தில், அவர் வழிகாட்டுவாரின்றி, நூல்களின்றி, சோற்றுக்கு வழியின்றி அலைந்தாரே, அந்த ஏழு வருஷங்களே பெரிய இழப்பு. பேராசிரியர் ஹார்டியும் பிற்காலத்தில் இக்கருத்தையே கொண்டிருந்தார். பிற நாட்டார் எப்பொழுதோ கண்டுபிடித்துவிட்டவற்றை அறியாமல் அவர் மறுபடியும் தாமே கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். ஒரு நல்ல நூல் நிலையமும் ஓர் அறிந்த ஆசிரியரும் இருந்திருந்தால் அவ்வுழைப்பு முழுதும் புதியனவற்றிற் சென்றிருக்கும்.

இத்துயரத்தை ராமானுஜனே நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அதை ஒவ்வொரு தேசத் தொண்டரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுமென்று விரும்புகிறோம். அவர் தாயகம் திரும்புமுன் சென்னை சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் அவருக்கு அளிக்கத் தீர்மானித்தது. 1919-ம் வருஷம் ஜனவரி மாதம், நோயாளியாக இங்கிலாந்தில் இருந்தபடியே அவர் பதில் எழுதினார். அத்தொகை தமது தேவைக்கு மிஞ்சியது என்றும், பெற்றோருக்கு ஒரு பகுதியும் தமது அவசியச் செலவும் போக மீதியை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்தைக் குறைப்பதற்கும், பாடசாலைகளுக்குப் புத்தகம் வாங்குவதற்கும் செலவிட வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். சம்பளம் கட்ட இயலாமையும் புத்தகம் கிடையாமையும் என்னவென்று அறிந்த நெஞ்சம் எழுதிய கடிதம் அது. அதிகம் பேருக்குப் பங்கிடத் தக்க எண்களைத் தேடியவர், தமக்கு வந்ததையும் பங்கிடவே எண்ணினார்.

ஆகவே ராமானுஜனுக்கு நாம் செய்ய வேண்டுவது என்ன என்று புதிதாக ஆலோசிக்க வேண்டியதில்லை. அவரே எழுதி வைத்துவிட்டார். சம்பளம் கட்ட முடியாமல் பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறான் என்று தேடுங்கள். கிராமப் பள்ளியில் நூல் நிலையம் இருக்கிறதா, அதன் பூட்டு திறக்கப்படுகிறதா என்று பாருங்கள். ஒரு பாடத்தில் தவறினான் என்பதற்காக மற்றொரு பாடத்தில் ஒளிரும் மாணாக்கனை வெளியே தள்ளும் விதி எங்கேனும் இருக்குமாயின் அதை எதிர்த்துக் குரல் எழுப்புங்கள். கணிதம் கற்ற இளைஞர்கள் அவரது கட்டுரைகளை எடுத்து, எழுதுகோலும் கையுமாக உட்கார்ந்து, அந்த அட்டவணையை வரி வரியாகச் சரிபார்க்கட்டும். விடுபட்ட எண்ணைத் தம் கையாலேயே அதன் இடத்தில் எழுதட்டும். அடுத்த டிசம்பர் 22-ந் தேதி இவற்றுள் ஒன்றேனும் செய்துவிட்டு அவர் படத்துக்கு மாலை சூட்டுவோமாயின், அம்மாலைக்கு மணம் உண்டு.